மேல் மாடியிலிருந்து தொடங்குங்கள்: வடசென்னையில் வீடு கட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், பெருநகர சென்னை மாநகராட்சி, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியவற்றின் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். சிவில் டிப்ளமா முடித்து, இருபத்திரண்டு வருடமாகக் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்னைக்கான காலநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில் வெளியானபோது அதைத் தேடி எடுத்துப் படித்தேன். 2050-க்குள் இந்த நகரம் கார்பன் சமநிலையை, அதாவது வெளியேற்றும் கரியமில வாயு முழுவதையும் ஈடுகட்டும் நிலையை, எட்ட வேண்டும் என்று அதில் இலக்கு வைத்திருக்கிறீர்கள். நாடு 2070 என்று சொல்லியிருக்க, சென்னை இருபது வருடம் முன்னதாகவே முடிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். இந்தக் கடிதம் அந்த இலக்கு நடக்க வேண்டும் என்று நினைப்பவன் எழுதுவது.

இன்றைக்கு எங்கள் பக்கம் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கிற கட்டடத்துக்கு 2050-ல் இருபத்தைந்து வயதுதான் ஆகியிருக்கும். இடிக்க மாட்டார்கள், இடிக்கவும் முடியாது. பஸ்ஸை மாற்றலாம், பல்பை மாற்றலாம், மீட்டரை மாற்றலாம். போட்ட கான்கிரீட்டில் ஜன்னலை நகர்த்த முடியாது. அதனால் 2050-ல் கணக்கு நேராகுமா ஆகாதா என்பதில் பாதி, இந்த வருடமும் அடுத்த வருடமும் நீங்கள் கையெழுத்துப் போடும் வரைபடங்களிலும் டெண்டர்களிலும் முடிவாகிவிடுகிறது.

மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் பழைய வீடுகள் இடிபட்டு மாடிகள் எழும்புகின்றன. பின்னி மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கி வைக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்திலும் வீடுகள் இருக்கின்றன. பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு உயரமாகக் கட்டித் தரும் வேலை ஒவ்வொரு பகுதியாக நடக்கிறது. எங்கள் தலைமுறை பார்த்திராத அளவுக்கு வடசென்னை புதிதாகக் கட்டப்படும் காலம் இது.

எங்கள் அக்கா ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் மாடியில் இருக்கிறாள். தனியார் கட்டியது. யார் கட்டினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை, அதே மாதிரி நூறு கட்டடத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அக்கா மீன் வியாபாரம் செய்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காசிமேடு துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போக வேண்டும். அப்படியென்றால் ஏழு, எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். ஆனால் காலையிலிருந்து வெயில் குடித்த கூரை, உள்பக்கமாகச் சூட்டை இறக்கத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். போன மே மாதம் ஒரு வெப்பமானியை வாங்கிக்கொண்டு போய் அவள் அறையில் மாட்டினேன். ராத்திரி ஒன்பதரை மணிக்கு உள்ளே 36 டிகிரி. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் 31. வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் ஐந்து டிகிரி கூடுதல். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

ஏர்கூலர் வாங்கினாள். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அது வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் தவணையில் ஒரு ஏசி. இப்போது மாதத் தவணை ஒருபக்கம், கரண்டு பில் ஒருபக்கம்.

அந்த ஏசிக்கு வருகிற மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, மூன்றாம் நிலை 800. பக்கத்திலேயே வல்லூர் 1,500. எல்லாம் நிலக்கரி. கூட்டினால் நாலாயிரம் மெகாவாட்டைத் தாண்டுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே சாம்பல்தான் இருக்கும். அந்தச் சாம்பல் செப்பாக்கத்தின் குளத்திலும் கொசஸ்தலை ஆற்றின் படுகையிலும் போய்ப் படிந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்கு போனது உங்களுக்குத் தெரியும். இறாலும் நண்டும் பிடித்த இடத்தில் வலை போட்டால் சேறு வருகிறது என்று காட்டுக்குப்பத்து மீனவர்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தியா முழுவதும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நிலக்கரி நிலையத்தை மட்டும் எடுத்தால் ஒரு கிலோவை ஒட்டி வரும். நகரத்தின் தெற்கே குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு எண். எங்களுக்கு ஒரு யூனிட்டின் இரண்டு முனையும் ஒரே தெருவில் இருக்கிறது. அதை உண்டாக்கும்போது வரும் புகையும் சாம்பலும் எங்கள் பக்கம். சரியாகக் கட்டாத கூரையின் கீழே அதைச் செலவழிக்காமல் தூங்க முடியாதவர்களும் நாங்கள்தான். ஆகவே நிகர சுழியம், நெட் ஜீரோ என்று நீங்கள் எந்தப் பெயரில் சொன்னாலும், அதைத் தொடங்க வேண்டிய இடம் வடசென்னையில் புதிதாகக் கட்டப்படும் வீட்டின் மேல் மாடி. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி போர்த்தி, வாசலில் பசுமைச் சான்றிதழ் மாட்டிய கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதியுங்கள். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் இடிபடாமல் இருக்கிற வீடுகளுக்குள் மே மாதத்தில் போயிருக்கிறீர்களா? தேக்கு உத்திரம். அதன் மேலே மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று உலகமெங்கும் கட்டடக்கலை படிப்பவர்கள் சொல்கிற கூரை இதுதான், நம் ஊரின் பெயரே அதற்கு. எங்கள் தாத்தா காலத்தில் ஏசி இல்லாமல் தூங்கியவர்கள் அதன் கீழேதான் தூங்கினார்கள். அந்தக் கூரையை மறுபடியும் போடுங்கள் என்று கேட்கவில்லை. தேக்கு கிடையாது, அடிக்க ஆள் கிடையாது. ஆனால் கூரைத் தளத்தை மொட்டையாக விடக் கூடாது, அதன் தலைக்கு மேலே ஒரு தடுப்பு வேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. நாம் அதை விட்டுவிட்டோம்.

எப்படி விட்டோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தவன் நான். கூரைக்கு மேல் சுருக்கி தளம், அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, போட்டு ஓடு பதிப்பது எப்போதுமே கடைசி வேலை. அதற்குள் ஒப்பந்தக்காரரின் கையில் பணம் முடிந்திருக்கும். குடியேறும் தேதி குறித்திருப்பார்கள். குறைந்த விலை கேட்டவருக்குத்தான் டெண்டர் என்பதால் எங்கே குறைப்பது என்று முதல் நாளிலிருந்தே கணக்குப் போட்டிருப்பார்கள். குழாயைக் குறைத்தால் ஒழுகும், கம்பியைக் குறைத்தால் விரிசல் விடும், உடனே தெரிந்துவிடும். கூரைத் தடுப்பைக் குறைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. திறப்பு விழா பெரும்பாலும் காலை நேரத்தில், கீழ்த்தளத்தில் நடக்கும். மூன்று அங்குல ஜல்லி இரண்டாகும், இரண்டு வெறும் சிமெண்டுப் பூச்சாகும். நானே அப்படிக் கையெழுத்துப் போட்ட நாட்கள் உண்டு. அதற்காக வருந்துகிறேன்.

இதற்கு விதி இல்லை என்று சொல்ல முடியாது. குடியிருப்புகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற தேசிய விதித்தொகுப்பு 2018-லேயே வந்தது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று அதில் அளவே கொடுத்திருக்கிறார்கள்: உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 1.2 வாட். எந்தத் தடுப்பும் இல்லாத ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தின் வழியே அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இறங்கும். தட்டோட்டுக்குக் கீழே ஓர் அங்குலத்துக்கு எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பம் தடுக்கும் நுரை அட்டை வைத்துப் பதித்தாலே விதி கேட்கும் அளவுக்குள் வந்துவிடும். மேலே வெள்ளை ஓடு பதித்தால் பாதி வெயில் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஓடு பதிக்க வசதி இல்லாத பழைய கட்டடத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். தெலங்கானா 2023-லேயே குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்த நம் மாநிலத்துக்கு இதில் தயக்கம் தேவையில்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான். டெண்டரில் கூரைத் தடுப்பைத் தனி வரியாக, தனித் தொகையாக எழுதுங்கள். அதைக் குறைக்கவோ வேறு வேலைக்கு மாற்றவோ முடியாதபடி எழுதுங்கள். அந்த வேலை முடிந்ததைப் படம் எடுத்து, அளந்து பார்த்த பிறகுதான் பணி நிறைவுச் சான்றிதழ் கொடுங்கள். தனியார் கட்டடமானாலும் அரசுக் கட்டடமானாலும் ஒரே விதி.

அப்புறம் சுவர். இப்போது பெரிய குடியிருப்புகளில் மைவான் முறை வந்துவிட்டது. அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் கூரையையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். வேகமாக முடிகிறது, உறுதியாக இருக்கிறது, பூச்சு வேலை மிச்சம். குறையே சொல்ல முடியாத முறைதான், ஒன்றைத் தவிர. அந்த மெல்லிய கான்கிரீட் சுவர், பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வெயிலை உள்ளே கடத்துகிறது. மேற்குப் பார்த்த வீட்டில் நாலு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தெரியும். மைவான்தான் வேண்டும் என்றால், மேற்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் வெளியே ஒரு நிழல் கொடுங்கள். ஜன்னலுக்கு மேலே ஆழமான சஜ்ஜா, துளை விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர், துணி காயப்போடும் பால்கனி, எதுவானாலும் சரி. படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே தள்ளினாலே பாதிச் சூடு அங்கே நின்றுவிடும். அதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை, வரைபவர் ஐந்து நிமிடம் யோசித்தால் போதும்.

மைவான் இல்லாத இடங்களில் சாம்பல் கல்லையோ, சாம்பல் கலந்து செய்யும் எடை குறைந்த ஏஏசி பிளாக்கையோ பயன்படுத்தலாம். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் மலையாகக் குவிகிற சாம்பலுக்கு அதைவிட நல்ல போக்கிடம் இல்லை. சிமெண்டிலும் சாம்பல் கலந்த பிபிசி வகையை முடிந்த இடத்திலெல்லாம் கேட்டு வாங்கலாம். உலகத்தின் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த எல்சி3 சிமெண்டுக்கு 2023-ல் இந்தியத் தரநிலையே வந்துவிட்டது. கட்டும்போது வெளியேறும் கார்பனையும் கணக்கில் சேர்க்காமல் நிகர சுழியம் என்று சொல்வது பாதிக் கணக்கு.

காற்று. மே மாதத்தில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குக் கடற்காற்று உள்ளே வருவதற்காக எங்கள் ஊரே காத்திருக்கும். அது தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி சாட்சி. கொண்டல் காற்று எந்தப் பக்கம், கோடைக்காற்று எந்தப் பக்கம், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்று காசிமேட்டில் ஐந்து வயதுப் பையனும் சொல்வான். ஆனால் எங்களுக்காக வரையப்படும் குடியிருப்புகளில் நடுவே ஒரு நீண்ட நடை, இரண்டு பக்கமும் வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஜன்னல். காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லை. வழியில்லாத இடத்துக்குக் காற்று வரவே வராது. சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அதே விதித்தொகுப்பு கேட்கிறது. 300 சதுர அடி உள் அளவு என்றால் 50 சதுர அடி திறப்பு. உங்கள் மேசையில் இருக்கிற வரைபடத்தை எடுத்து இப்போதே கூட்டிப் பாருங்கள். நகரும் கண்ணாடி ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இன்னொன்று, கடற்கரையை ஒட்டி வரிசையாக உயரக் கட்டடங்களை நிறுத்தினால் பின்னால் இருக்கிற குப்பத்துக்கு வரும் காற்றும் நின்றுவிடும். அனுமதி கொடுக்கும்போது பின் தெருவையும் பாருங்கள்.

உலகத்தில் மற்ற நகரங்கள் என்ன செய்கின்றன என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறீர்கள். 2018 ஆகஸ்டில் லண்டன், பாரிஸ், டோக்கியோ, ஜோகன்னஸ்பர்க் உள்ளிட்ட 19 நகரங்கள், 2030 முதல் தங்கள் புதுக் கட்டடங்கள் எல்லாம் நிகர சுழியமாக இருக்கும் என்று அறிவித்தன. டோக்கியோவில் 2025 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள் கட்டும் புது வீடுகளுக்குச் சூரியத் தகடு கட்டாயம். நல்ல முன்மாதிரிகள். ஆனால் அந்த நகரங்களில் பல, வீட்டுச் சூட்டை வெளியே விடாமல் பூட்டி வைக்கப் பாடுபடுகின்றன. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. அவர்கள் வைத்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தை நம் வெயிலைப் பார்த்துப் போடுங்கள். கோபன்ஹேகனிடமிருந்து வேறொரு பாடமும் உண்டு. 2025-க்குள் எட்டிவிடுவோம் என்ற அந்த நகரம், முடியாது என்று 2022-ல் ஒப்புக்கொண்டது. குப்பை எரிக்கும் ஆலையின் புகையிலிருந்து கார்பனைப் பிடித்து வைக்கும் திட்டத்துக்குப் பணம் கிடைக்காமல் போனது அதற்கு முக்கியக் காரணம். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையை எங்கள் மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சூரிய மின்சாரத்துக்கு வருகிறேன். மொட்டை மாடி முழுக்கத் தகடு போட்டால் நிகர சுழியம் ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மாடிக் கட்டடம், வீட்டுக்கு 400 சதுர அடி. அப்படியென்றால் ஒரு வீட்டின் பங்குக்கு மாடியில் 50 சதுர அடி. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, படிக்கட்டுத் தலைப்பு எல்லாம் போனால் முப்பது. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும், அது நம் ஊரில் நாளைக்கு நாலு யூனிட் தரும். வீட்டுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குள்தான் வருகிறது.

குளிர்ச்சியாகக் கட்டிய வீடு என்றால் முப்பது வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறி இரண்டு, ஃபிரிட்ஜ், டிவி, விளக்கு எல்லாம் சேர்த்து இரண்டரை, மூன்று யூனிட்டில் நாள் ஓடிவிடும். மாடித் தகடு அதில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்துவிடும், மீதிக்குக் காற்றாலை மின்சாரம் இருக்கிறது. சூடாகக் கட்டிய வீடு என்றால், ஒரு டன் ஏசி மட்டுமே ராத்திரிக்கு ஐந்தாறு யூனிட் இழுக்கும். அப்போது அந்த மாடியில் தங்கத்தைப் பதித்தாலும் கணக்கு நேராகாது. குளிர்ச்சியான வீடு முதலில், சூரியத் தகடு அப்புறம். இந்த வரிசை மாறினால் 2050 இலக்கு காகிதத்தில்தான் நிற்கும்.

தகடு போடும்போது ஆள் உயரத்துக்கு மேலே கம்பி நிறுத்திப் போடச் சொல்லுங்கள். மொட்டை மாடி எங்களுக்கு வெறும் கூரை இல்லை. வடாம் காய்வது, வலை உலர்த்துவது, பிள்ளைகள் படிப்பது, புழுக்கம் தாங்காத ராத்திரியில் குடும்பத்தோடு பாய் விரிப்பது எல்லாம் அங்கேதான். தகட்டுக்குக் கீழே நிழல் இருந்தால் மாடியும் பயன்படும், கூரையும் சூடாகாது. வீட்டு மாடிக்குக் கொடுக்கும் மானியம் தனி வீட்டுக்காரருக்குக் கிடைக்கிற மாதிரி, ஒரே மாடியைப் பங்கு போடும் எண்பது குடும்பங்களுக்கும் எளிதாகக் கிடைக்க வழி செய்யுங்கள். உற்பத்தியாகும் மின்சாரத்தை லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு வீட்டு மீட்டரிலும் கழித்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. கட்டடம் முடிந்து சாவி கொடுத்ததும் உங்கள் கோப்பு மூடப்படுகிறது. அதை ஒரு வருடம் தள்ளி மூடுங்கள். நான்கு பருவமும் கடக்கட்டும். ஒவ்வொரு புதுக் குடியிருப்பிலும் மேல் மாடியில் இரண்டு வீடு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று வெப்பமானி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தையும் வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடு சேர்த்து எழுதுங்கள். அந்த எண்களை வெளியிடுங்கள். எந்த வரைபடம் வேலை செய்கிறது, எந்த ஒப்பந்தக்காரர் ஓட்டுக்குக் கீழே அட்டை வைத்தார், யார் வைக்கவில்லை என்று ஒரே கோடையில் தெரிந்துவிடும். அடுத்த டெண்டரை அந்த எண்களைப் பார்த்துக் கொடுக்கலாம்.

இதற்காக ஒரு கூட்டம் வைத்தால் கூப்பிடுங்கள், என் போன்ற மேற்பார்வையாளர்கள், மேஸ்திரிகள், சித்தாள்கள் என்று இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். கூட்டத்துக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் மே மாதத்தில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு வாருங்கள். அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் தூங்கப் போகிற நேரம் அது, ஆனாலும் பரவாயில்லை, வரச் சொல் என்றாள். வெப்பமானி இன்னும் அந்தச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேற்பார்வையாளர்,
தண்டையார்பேட்டை